ஷ்வனெட்ஸ்கி வழியில் ஐந்து நிமிட நையாண்டித் தனிமொழி: கேட்பது, எழுதுவது, வாசிப்பது

ரஷ்ய மேடை நகைச்சுவைக்குள் நுழைய மிகயீல் ஷ்வனெட்ஸ்கியை விட நல்ல வாசல் கிடையாது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, சோவியத் வாழ்க்கையின் தட்டுப்பாட்டையும் வரிசையையும் கூட்டப் பேச்சையும் சின்னச் சின்னப் பிரதிகளாக எழுதி, கையில் தாளோடு மேடையேறி வாசித்தவர். அந்தப் பிரதிகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு திட்டமான வேலைமுறை தெரியும். அதைக் கற்றுக்கொள்ளலாம், தமிழில் செய்தும் பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க ஸ்டாண்ட்-அப்பில் பேசுகிறவர் தன்னைப் பற்றித் தன் வாயால் பேசுகிறார். கூட்டத்தைச் சீண்டி, கிடைத்த பதிலை வைத்து அந்த இடத்திலேயே கட்டுகிறார். சோவியத் மேடைக்கு எஸ்த்ராதா என்று பெயர். பாட்டு, நடனம், மாயவித்தை எல்லாம் கலந்த கச்சேரியில் நடுவே ஒருவர் வந்து பேசிவிட்டுப் போவார். பேச்சை எழுதியவர் ஒருவர், பேசுகிறவர் இன்னொருவர். பிரதி முன்கூட்டியே தணிக்கைக்குப் போய் முத்திரை வாங்கி வர வேண்டும். முத்திரை விழுந்த பிறகு மேடையில் சொந்தமாக ஒரு வரி சேர்ப்பது ஆபத்து. ஆகவே சிரிப்பு முழுக்க எழுத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இந்த முறையின் பலமும் அதுதான்: நல்ல நடிகராக இல்லாதவர்கூட, பிரதி சரியாக இருந்தால் அரங்கைச் சிரிக்கவைக்கலாம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1934 மார்ச் 6 அன்று ஒடெசாவில் பிறந்தார். கருங்கடல் துறைமுக நகரம். அப்போது சோவியத் உக்ரைன், இப்போது உக்ரைன். யூதக் குடும்பம், பெற்றோர் மருத்துவர்கள். போரின்போது குடும்பம் மத்திய ஆசியாவுக்கு இடம்பெயர்ந்து, பிறகு ஊர் திரும்பியது. ஒடெசாவின் கடல்சார் பொறியியல் கல்லூரியில் 1956-இல் பட்டம் பெற்று, துறைமுகத்தில் சரக்கேற்றும் இயந்திரங்களைப் பார்க்கும் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்தார். பர்னாஸ்-2 என்ற மாணவர் நாடகக் குழுவில் விக்டர் இல்சென்கோவும் ரோமான் கார்த்செவும் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் அவர் எழுத்துக்கு முகமும் குரலுமாக இருந்தவர்கள் இந்த இருவர்தான்.

அடுத்த திருப்பம் அர்காதி ராய்கின். 1911-இல் ரீகாவில் பிறந்து, 1939-இல் அனைத்து ஒன்றிய எஸ்த்ராதா போட்டியில் பரிசு வென்று, லெனின்கிராதில் தனி அரங்கமே நடத்திய மாபெரும் நடிகர். கண் இமைக்கும் நேரத்தில் மூக்கு, மீசை, தொப்பி மாற்றி வேறு ஆளாக வந்து நிற்பது அவருடைய தனிக்கலை. 1960-களின் தொடக்கத்தில் ஒடெசாவில் ஷ்வனெட்ஸ்கியின் எழுத்து அவர் கண்ணில் பட்டது. 1964-இல் ஷ்வனெட்ஸ்கி லெனின்கிராத் போய் ராய்கின் அரங்கின் இலக்கியப் பிரிவுப் பொறுப்பை ஏற்றார். கார்த்செவும் இல்சென்கோவும் அதே அரங்கில் நடித்தார்கள். சில ஆண்டுகளில் உறவு முறிந்தது. 1970-இல் மூவரும் ஒடெசா திரும்பிச் சொந்தமாக ஒரு சிறுநாடக அரங்கம் தொடங்கினார்கள்.

ராய்கினுக்காக எழுதிக்கொண்டிருந்தவர் பிறகு தானே மேடையேறி வாசிக்கத் தொடங்கினார். ஆய்வு நிறுவனங்களின் மன்றங்கள், சின்ன அரங்குகள், நண்பர்களின் வீடுகள். யாரோ ஒருவர் ஸ்பூல் டேப்பில் பதிவு செய்வார். அது நகலுக்கு நகல் நாடு முழுக்கப் பரவும். முகத்தைப் பார்க்காமலேயே குரலை வைத்து அவரை அறிந்தவர்கள் ஏராளம். பெரெஸ்த்ரோய்க்கா என்ற கோர்பச்சேவ் காலச் சீர்திருத்தம் வந்த பிறகு கதவு திறந்தது: 1988-இல் மாஸ்கோ சிறுநாடக அரங்கின் கலை இயக்குநர் ஆனார், 2002 முதல் தொலைக்காட்சியில் மாதாந்தர உரையாடல் நிகழ்ச்சி நடத்தினார். நைந்துபோன ஒரு தோல் பெட்டியிலிருந்து தாள்களை எடுத்து வாசிப்பது அவருக்கே உரிய அடையாளம் ஆயிற்று. 2020 நவம்பர் 6 அன்று மறைந்தார்.

இந்த வாழ்க்கையிலிருந்து எழுதுகிறவருக்குத் தேவையானவை மூன்று. துறைமுக மெக்கானிக் என்பதால் அவர் பொருளிலிருந்து பேச்சைத் தொடங்கினார்: பம்ப், கயிறு, நண்டு, செருப்பு. ராய்கினுக்கு எழுதியதால், தன் கருத்தை ஒதுக்கிவைத்து இன்னொருவர் வாயில் பேச்சை ஏற்றப் பழகினார். டேப்பில் பரவியதால் முகபாவமே இல்லாமல் காதுக்கு மட்டும் எழுதக் கற்றார். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து பிறப்பது.

கேட்பதற்கு மூன்று

எழுதும் முன் குறைந்தது மூன்றைக் கேளுங்கள். பதிவுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ரஷ்ய மொழி தெரியாது என்றால் முதல் தடவை பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் கேளுங்கள். ஒரு தாளில் கோடு போட்டு, சிரிப்பு வரும் விநாடிகளை மட்டும் குறியுங்கள். இரண்டாம் தடவை ரஷ்யப் பிரதியை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கருவி தரும் மொழிபெயர்ப்பு தட்டையாகத்தான் இருக்கும். பரவாயில்லை, எந்த வரிக்குச் சிரிப்பு வந்தது என்று தெரிந்தால் போதும். மூன்றாம் தடவை, சிரிப்பு வந்த வரிக்கு முந்தைய வரியை அடிக்கோடிடுங்கள். பாடம் அந்த முந்தைய வரியில் இருக்கிறது. எல்லாச் சுமையையும் அது தூக்கியிருக்கும். சிரிப்பு வரி வெறும் இரண்டு மூன்று சொல்லாக இருக்கும்.

முதலில் கார்த்செவ் நடித்த நண்டுப் பேச்சு. நன்னீர் நண்டு போன்ற அந்தச் சிற்றுயிரை வேகவைத்து பியரோடு தின்பது அங்கே வழக்கம். ஒரு மனிதர் சொல்கிறார்: நேற்று ஐந்து ரூபிளுக்கு இருந்தது, ஆனால் பெரிசு, இன்று மூன்று ரூபிளுக்கு இருக்கிறது, ஆனால் சின்னது. விஷயம் ஏறக்குறைய இவ்வளவுதான். பெரிசு ஆனால் ஐந்து, ஐந்து ஆனால் பெரிசு, சின்னது ஆனால் மூன்று என்று மனம் தராசுத் தட்டாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. அரங்கம் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறது. காரணம், வாங்கப் பணம் இருந்த நாளில் பொருள் இல்லை, பொருள் இருந்த நாளில் பணம் இல்லை என்ற நிலையை அந்த மனிதர் ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. கேட்கிறவர் தானே அதைக் கண்டெடுக்கிறார்.

அடுத்தது ராய்கின் நடித்த தட்டுப்பாட்டுப் பேச்சு. இதில் கொஞ்சம் பின்னணி வேண்டும். சோவியத் நாட்டில் விலையை அரசு நிர்ணயித்தது. விலை குறைவு, உற்பத்தியும் குறைவு. ஆகவே நல்ல பொருள் கடையின் முன்வாசலுக்கு வருவதே இல்லை. கிடங்கு மேலாளர், கடை இயக்குநர், சரக்கு மதிப்பீட்டாளர் ஆகியோரின் தயவில் பின்வாசல் வழியாகப் போனது. மேலதிகாரியைவிடக் கிடங்குக்காரருக்கு ஊரில் மதிப்பு அதிகம். ஷ்வனெட்ஸ்கி அப்படிப் பின்வாசலில் வாங்கும் ஒருவனைப் பேச வைக்கிறார். எதிர்காலத்தில் எல்லாம் எல்லோருக்கும் கிடைத்துவிடுமாமே, அது நல்லதா என்று அவன் உண்மையாகவே கவலைப்படுகிறான். புது நாடகத்தின் அரங்கேற்ற நாளில் முன்வரிசையில் கிடங்கு மேலாளர் உட்கார்ந்திருக்கிறார், எல்லாரும் அவரை மதிக்கிறார்கள். தட்டுப்பாடு போய்விட்டால் அவரும் ஒரு சாதாரண எஞ்சினியர் மாதிரி தெருவில் நடப்பாரே! அந்த வரியைக் கேட்டவர்களில் பாதிப் பேர் எஞ்சினியர்களாக இருந்திருப்பார்கள். எழுதியவரும் எஞ்சினியர். கடைசியில் அவன் கேட்பது ஒரு சமரசம்: எல்லாம் இருக்கட்டும், ஆனால் ஏதாவது ஒன்றுக்குப் பற்றாக்குறை இருக்கட்டும்.

மூன்றாவது, ராய்கின் நடித்த கிரேக்க மண்டபப் பேச்சு. வாரம் இரண்டு நாள் விடுமுறை வந்த காலம். குடித்துப் பொழுது போக்கும் ஒருவன் அருங்காட்சியகத்துக்குள் வந்துவிடுகிறான். சிற்பம், வழிகாட்டி, அமைதி. அவனுக்கோ குடிப்பதில்தான் மனம். இதை நடிப்புக்காகப் பாருங்கள். மற்ற இரண்டையும் எழுத்துக்காகக் கேளுங்கள்.

பேச்சுப்பொருளைப் பிடிப்பது

ஆட்சி, ஊழல், சமூகம் என்று தொடங்கினால் முதல் நிமிடத்திலேயே கதை முடிந்தது. பொருள் கையில் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கு ஓர் எண் இருக்க வேண்டும்: விலை, எடை, நேரம், வரிசையில் உங்கள் இடம். முக்கியமாக, அதைப் பற்றி ஒன்றுக்கொன்று முட்டும் இரண்டு உண்மைகள் இருக்க வேண்டும். பெரிசு என்பதும் உண்மை, ஐந்து ரூபிள் என்பதும் உண்மை. ஒரே உண்மை மட்டும் உள்ள பொருள் புகார்க் கடிதமாகத்தான் முடியும்.

ஒரு வாரம் சட்டைப்பையில் சின்னக் குறிப்பேடு வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பேச்சில் ‘ஆனா’ வரும் வாக்கியங்களை மட்டும் எழுதுங்கள். வங்கி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், திருமணப் பந்தி. முப்பது நாற்பது வாக்கியம் சேரும். அவற்றில் ‘ஆனா’வுக்கு முன்னும் பின்னும் உள்ளதை இடம் மாற்றினாலும் பொருந்தி வருவது இரண்டோ மூன்றோ தேறும். உங்கள் தனிமொழி அவற்றில் ஒன்றுதான்.

பேசுகிறவன் யார்

இந்தப் படியில் தவறினால் பிறகு எதுவும் காப்பாற்றாது. பேசுகிறவன் நியாயவாதியாக இருக்கக் கூடாது. நிலைமையால் கொஞ்சம் லாபம் அடைந்தவனாகவோ, நிலைமைக்குப் பழகிப்போனவனாகவோ, அதைப் பாதுகாக்க முயல்கிறவனாகவோ இருக்க வேண்டும். தட்டுப்பாட்டுப் பேச்சில் பேசுகிறவன் தட்டுப்பாட்டை எதிர்க்கவில்லை. அதைக் காப்பாற்றச் சொல்லி மன்றாடுகிறான். எதிர்க்கிற ஒருவன் பேசியிருந்தால் தணிக்கை முத்திரை கிடைத்திருக்காது, சிரிப்பும் கிடைத்திருக்காது. கேட்கிறவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

எழுதும் முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு என்ன வேண்டும்? எதை இழக்கப் பயப்படுகிறான்? யாரிடம் பேசுகிறான்? மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தட்டுப்பாட்டுப் பேச்சில் எதிரே இளைஞன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொண்டு, பொறு, அவசரப்படாதே, உனக்குச் சூடு அதிகம் என்று பேசுவதால்தான் பேச்சுக்கு வேகம் கிடைக்கிறது. எதிரே யாருமில்லாவிட்டால் கட்டுரை வாசிப்பது போல் ஆகிவிடும்.

மூன்று வரைவு

ஓர் எடுத்துக்காட்டைப் பேருந்தை வைத்துச் செய்து பார்க்கலாம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“பேருந்துகள் நேரத்துக்கு வருவதில்லை. வந்தாலும் நிறுத்தத்தில் நிற்பதில்லை. இதனால் மக்கள் மிகவும் அவதிப்படுகிறார்கள். அதிகாரிகள் கண்டுகொள்வதே இல்லை.”

இதில் ஒவ்வொரு வரியும் உண்மை, ஒரு வரிக்கும் சிரிப்பு வராது. ‘இதனால்’ என்ற சொல் கேட்கிறவரின் வேலையைப் பிடுங்கிக்கொண்டது. ‘அதிகாரிகள்’ என்ற சொல் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இனி அரங்கத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை.

இரண்டாம் வரைவில் பேச்சைப் பழகிப்போன ஒருவரிடம் கொடுத்து, முடிவுரைகளை எல்லாம் அடித்துவிடுங்கள்:

“நேத்து பஸ் வந்துச்சு. நிக்கல. ஆனா வந்துச்சு. இன்னிக்கு நின்னுச்சு. நம்ம ஸ்டாப்புல இல்ல. ஆனா நின்னுச்சு.”

தராசு ஆடத் தொடங்கிவிட்டது. ஆனால் இதே ஆட்டம் நான்காம் தடவை வரும்போது அரங்கம் முந்திக்கொள்ளும். மூன்றாம் வரைவில், ஆட்டம் பழகியதும் தட்டில் வேறு எடையை வையுங்கள்:

“நேத்து வந்துச்சு. நிக்கல. நிக்கலன்னாலும் வந்துச்சுல்ல. இன்னிக்கு நின்னுச்சு. பாலத்துக்கு அந்தப் பக்கம். ஓடினேன். போயிருச்சு. ஆனா நின்னுச்சு. எங்கப்பா காலத்துல நிக்கவும் இல்ல, வரவும் இல்ல. ரோடே இல்ல. இப்ப ரோடு இருக்கு. நாங்க அதுல ஓடுறோம்.”

கணக்கைப் பாருங்கள். இரண்டு சுற்று ஒரே அச்சில்; மூன்றாவது சுற்றில் காலம் மாறுகிறது; கடைசி வரியில் பேசுகிறவர் பெருமையாக ஒன்றைச் சொல்கிறார், அரங்கம் அதில் வேறொன்றைக் கேட்கிறது. ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்றியுள்ள ஒரே ஒரு விஷயம் மாற வேண்டும். இரண்டு மாறினால் காது வழி தவறும், ஒன்றும் மாறாவிட்டால் சலிக்கும்.

தமிழில் எழுதும்போது இணைப்புச் சொற்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுங்கள். ஏனென்றால், ஆகவே, இருந்தபோதிலும், என்பதால் எல்லாம் போகட்டும். எச்சங்களைக் கோத்து நீட்டும் வாக்கியத்தையும் உடையுங்கள்: ‘வந்து நிற்காமல் போய்விட்ட பேருந்தை’ என்று எழுதினால் மூன்று சிரிப்பு ஒரே மூட்டைக்குள் நசுங்கிவிடும். வினைச்சொல் கடைசியில் வருவது தமிழுக்கு இருக்கும் நல்ல வசதி. வெடி வாக்கியத்தின் நுனியில்தான் இருக்கும். அந்த வினைக்குப் பிறகு ‘அல்லவா’, ‘பாருங்கள்’ என்று வால் ஒட்டினால் வெடி நமத்துப்போகும்.

கூட்ட மொழி

ஷ்வனெட்ஸ்கியின் இன்னொரு கருவி அலுவலக மொழி. மது ஆலையில் நடக்கும் தொழிலாளர் கூட்டம் ஒன்றை எழுதியிருக்கிறார்: பேசுகிறவர்கள் எல்லாரும் உற்பத்தியைச் சுவைத்துப் பார்த்த நிலையில் இருக்கிறார்கள், பேச்சு மட்டும் தீர்மானம், உறுதிமொழி, ஒழுக்கம் என்று அறிக்கை நடையில் போய்க்கொண்டிருக்கிறது. நடையும் நிலையும் விலக விலகச் சிரிப்பு.

இதைச் செய்ய உண்மையான சுற்றறிக்கைகள் நான்கைந்தைச் சேகரித்து, அவற்றின் வாக்கிய அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘மேற்படி பொருள் தொடர்பாக’, ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’, ‘இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது’. இந்த அச்சில் மிகச் சின்ன, மிகச் சொந்தமான ஒரு விஷயத்தை ஊற்றுங்கள்: ஒரு டீ கிளாஸ் காணாமல் போனது போதும். ஆனால் இந்த நடையில் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். காது சீக்கிரம் அடைத்துவிடும். முப்பது விநாடிக்கு ஒரு தடவை அறிக்கை நடை உடைந்து, உள்ளே இருக்கும் மனிதக் குரல் ஒரு வரி வெளியே வர வேண்டும்.

அளவு, தாள்

தமிழில் மேடையில் நிறுத்தி வாசித்தால், சிரிப்புக்கு விடும் இடைவெளியோடு, நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் போகும். ஐந்து நிமிடத்துக்கு 400 முதல் 450 சொல் போதும். முதல் வரைவு 900 சொல் இருக்கட்டும். பாதியாகக் குறைக்கும் வேலையில்தான் பிரதி பிறக்கிறது. குறைக்கும்போது நல்ல சிரிப்பு வரி என்று நினைத்ததையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பேசுகிறவன் வாயில் பொருந்தாத புத்திசாலித்தனமான வரி இருந்தால் அது நீங்கள் எட்டிப் பார்த்த இடம். அதை அடிக்க மனம் வராது, அடித்துத்தான் ஆக வேண்டும்.

முதல் சிரிப்பு முப்பது விநாடிக்குள் வர வேண்டும். பெரியதாக வேண்டாம், பேசுகிறவன் இப்படிப்பட்டவன் என்று அரங்கம் புரிந்துகொண்டதற்கான அடையாளமாக இருந்தால் போதும்.

தாள் தயாரிப்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும், 16 புள்ளி எழுத்து, இரட்டை இடைவெளி. வரி உடையும் இடத்தை நீங்களே தீர்மானியுங்கள்: ஒரு மூச்சுக்கு ஒரு வரி. பக்கத்தின் கடைசி வரி சிரிப்பு வரியாக இருந்தால் பிரமாதம், அரங்கம் சிரிக்கும்போது தாளை மாற்றலாம். சிரிப்புக்கு முந்தைய வரி ஒரு பக்கத்திலும் சிரிப்பு வரி அடுத்த பக்கத்திலும் விழுந்தால் தாள் புரளும் ஓசையில் எல்லாம் போய்விடும். தாள்களைப் பின் அடிக்காதீர்கள். எண் மட்டும் போட்டு, வாசித்ததை அடியில் தள்ளுங்கள். விளக்கில் பளபளக்கும் வழவழப்பான தாள் வேண்டாம்.

வாசிப்பு

ஷ்வனெட்ஸ்கி தாளைப் பார்த்துத்தான் வாசித்தார். வேகமாக, அழுத்தங்களை விட்டுவிட்டு, ஒரு வரியை முடித்ததும் தலையைத் தூக்கி அரங்கைப் பார்ப்பார். தாளில் கண் இருக்கும்வரை அது எழுத்து. தலை நிமிர்ந்ததும் அது அரங்கத்தின் சொத்து. இந்த ஒரு அசைவை ஒழுங்காகப் பழகினால் போதும். சிரிப்பு வரியின் கடைசிச் சொல்லைத் தாளைப் பார்க்காமல் சொல்லுங்கள். பிறகு உடனே கண்ணைத் தாழ்த்தாமல் காத்திருங்கள்.

சிரிப்பு எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். உச்சியில் பேசினால் அடுத்த வரி யாருக்கும் கேட்காது. முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் அரங்கம் குளிர்ந்துவிடும். பாதி இறங்கியதும் அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். சிரிப்பே வராவிட்டால் ஒரு விநாடிக்கு மேல் நிற்காதீர்கள், திருப்பிச் சொல்லாதீர்கள், விளக்காதீர்கள். இதே முறையின் நல்ல குணம் ஒன்று இங்கே கைகொடுக்கும்: பேசுகிறவன் நகைச்சுவை சொல்லவில்லை, தன் கவலையைச் சொல்கிறான். ஆகவே சிரிப்பு வராத வரியும் கதையின் ஒரு வரியாக நின்றுகொள்ளும்.

நடித்துக்காட்டும் வழி வேறு. ராய்கின் போல வேடம் மாற்றுவதற்கு உடல் பயிற்சி வேண்டும், பொருள்கள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒத்திகை வேண்டும். ஒரு பிரதியை இரண்டு வழியிலும் பாதிப் பாதி செய்யாதீர்கள். தாள் கையில் இருந்தால் குரலில் பாத்திரத்தை லேசாகக் காட்டினால் போதும். ராய்கின் தட்டுப்பாட்டுப் பேச்சைக் காகசஸ் மக்களின் உச்சரிப்பில் பேசினார். அந்தக் காலத்தில் அது வழக்கமான மேடை உத்தி. அதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு ஊர்க்காரரின் உச்சரிப்பைப் போட்டவுடன் அரங்கம் நிலைமையை விட்டுவிட்டு மனிதரைப் பார்த்துச் சிரிக்கும். பிரதியின் குறி தவறிப்போகும்.

எங்கே கெட்டுப்போகிறது

சிரிப்பு வந்தது, ஆனால் பொருமலோடு வந்தது என்றால் பேசுகிறவன் திட்டத் தொடங்கிவிட்டான் என்று பொருள். பிரதியில் ‘அவங்க’ என்ற சொல்லைத் தேடி எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் ‘நாங்க’ ஆக்குங்கள். ஷ்வனெட்ஸ்கியின் ஆட்கள் பெரும்பாலும் உள்ளே இருந்து பேசுகிறவர்கள். குற்றத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

முதல் பாதி நன்றாகப் போய், நடுவில் தொய்ந்தால் இரண்டாவது பொருள் உள்ளே நுழைந்திருக்கும். பேருந்தில் தொடங்கி மின்வெட்டுக்குப் போயிருப்பீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பொருள். ஆழமாகப் போக முடியாமல்தான் அகலமாகப் போகிறோம்; பேசுகிறவனின் பயத்துக்குத் திரும்பிப் போனால் மறுபடியும் வழி கிடைக்கும்.

தலைவர் பெயரைச் சொன்னவுடன் கைதட்டல் வந்து, அடுத்த வரிகளுக்குச் சிரிப்பு செத்துவிட்டால் அதற்கும் காரணம் தெளிவு. கைதட்டல் என்பது ஒப்புதல். ஒப்புக்கொண்டவர்கள் அதற்கு மேல் யோசிப்பதில்லை. சோவியத் தணிக்கை நிறுவனமான கிளாவ்லித் 1922-இல் தொடங்கி அந்த ஒன்றியத்தின் கடைசிக் காலம்வரை பெயர்களை அடித்துக்கொண்டே இருந்தது. அது கொடுமை, எத்தனையோ எழுத்தைக் கொன்றது. அதன் நடுவே வேலை செய்தவர்கள் பெயர் சொல்லாமல் நிலையைச் சொல்லக் கற்றார்கள். தட்டுப்பாட்டுப் பேச்சை இன்றும் கேட்க முடிகிறதென்றால், அதில் எந்த அமைச்சர் பெயரும் இல்லாததும் ஒரு காரணம். உங்களுக்குத் தணிக்கை இல்லாவிட்டாலும் இந்த ஒழுக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

இங்கே மிகயீல் ஜதோர்னோவை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1948-இல் லாத்வியாவின் யூர்மலாவில் பிறந்தவர், மாஸ்கோ விமானவியல் கல்லூரியில் படித்த இன்னொரு எஞ்சினியர். 1980-களில் அவருக்குப் புகழ் தந்தது ஒரே ரயிலில் இரண்டு ஒன்பதாம் எண் பெட்டிகள் வந்துவிட்ட கதை. ஒரு சின்ன எண் பிழை, அதிலிருந்து கிளம்பும் குழப்பம், அருமையான கட்டுமானம். 1991 டிசம்பர் 31 இரவு தொலைக்காட்சியில் நாட்டுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னவரும் அவர்தான். பின்னாளில் அமெரிக்கர்கள் மந்தபுத்திக்காரர்கள் என்ற ஒரே சரட்டில் மணிக்கணக்காகப் பேசினார். அரங்குகள் நிரம்பின. ஆனால் அந்தப் பேச்சில் சிரிக்கிறவர் தன்னைப் பற்றி ஒன்றையும் கண்டெடுக்க வேண்டியதில்லை. ரயில் கதையையும் பிற்காலப் பேச்சு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே எது கழன்று விழுந்தது என்பது காதுக்கே தெரியும்.

முடிப்பது

கடைசி வரியில்தான் பெரும்பாலான பிரதிகள் வீணாகின்றன. பேசுகிறவன் திடீரென்று திருந்திவிடுகிறான், அல்லது எழுதியவர் வந்து நீதி சொல்கிறார். தட்டுப்பாட்டுப் பேச்சு முடியும்போதும் அவன் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறான், இன்னும் உறுதியாக. உங்கள் பிரதியின் கடைசி மூன்று வரியைக் கையால் மூடிவிட்டு வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பிரதி அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

முதலில் நான்கைந்து பேர் முன் வாசியுங்கள். அவர்களில் இரண்டு பேருக்காவது அந்தப் பொருள் பற்றித் தெரியாமல் இருக்கட்டும். அவர்கள் எந்த இடத்தில் தொலைந்துபோகிறார்கள் என்று பார்த்தால், எங்கே ஓர் எண்ணோ ஒரு பெயர்ச்சொல்லோ சேர்க்க வேண்டும் என்று தெரியும். போனில் பதிவு செய்து, மறுநாள் முகம் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். சிரிப்பு வந்த விநாடிகளைத் தாளின் ஓரத்தில் குறியுங்கள், முன்பு ரஷ்யப் பதிவுகளுக்குச் செய்தது போலவே. அடுத்த வாசிப்புக்கு ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்: ஒரு சொல், அல்லது ஒரு இடைவெளி. ஒரே சமயத்தில் ஐந்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றத்தையும் தேதியையும் அதே தாளில் எழுதிவைத்து, பழைய தாளை எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாசிப்பில் பல சமயம் முதல் தாளின் வரிக்கே திரும்ப வேண்டியிருக்கும்.